ஜிம் பாடி... காற்றா, கல்லா?

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலை. கடை வாசலில் அரிசி மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், டைட்டான டீ-ஷர்ட் போட்ட பையன் ஒருவன் கடந்து போனால் போதும். யாராவது ஒருவர் குரல் கொடுத்துவிடுவார். "தம்பி, பாடி எல்லாம் சூப்பர்தான். வந்து இந்த மூட்டையைக் கொஞ்சம் தூக்கு, பார்ப்போம்!"

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஒல்லி உடம்போடு மூட்டை இறக்கும் அண்ணன், அதை ஒரே மூச்சில் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே போய்விடுவார். "ஜிம் பாடி எல்லாம் வெறும் காத்துப்பா" என்று தீர்ப்பும் வந்துவிடும்.

பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஜிம் போர்டு இல்லாத தெருவைத் தேட வேண்டிய காலம் இது. வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது ஜிம்முக்குப் போகிறது. ஆனால், உடம்பு எப்படி ஏறுகிறது என்பது பற்றி வீட்டில் இருப்பவர்களுக்கும் தெளிவில்லை, பல நேரம் அந்தப் பிள்ளைக்கும் தெளிவில்லை. இந்தக் குழப்பம் சில பிள்ளைகளை ஊசி வரை கொண்டுபோய் விடுகிறது என்பதுதான் கவலை.

மூட்டை தூக்கும் அண்ணனின் ரகசியம்

மூட்டை தூக்குவது ஒரு வித்தை. எங்கே பிடிக்க வேண்டும், எந்த நொடியில் முழங்காலை நிமிர்த்த வேண்டும், பாரத்தை எப்போது தோளுக்கு மாற்ற வேண்டும் என்பதெல்லாம் தினமும் செய்பவருக்கு அத்துப்படி. மூளையும் நரம்பும் அந்த வேலைக்குப் பழகிவிட்டதால், இருக்கும் தசையை ஒன்றுவிடாமல் வேலை வாங்கத் தெரிகிறது. அதே அண்ணனை ஜிம்முக்கு அழைத்து வந்து பெஞ்ச் பிரஸ் செய்யச் சொன்னால், முதல் நாள் அவர் கைதான் நடுங்கும்.

பலம் என்பது தசையின் அளவு மட்டும் இல்லை. தசையை வண்டி என்று வைத்துக்கொண்டால், நரம்புதான் டிரைவர்.

இதற்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் உண்டு. வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம், 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ எடைப் பிரிவில் தங்கம் வென்றார். ஸ்நாட்ச் முறையில் 149 கிலோ, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179 கிலோ, மொத்தம் 328 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டை ஏழைச் சேர்த்துக் கட்டினாலும் 175 கிலோதான் வரும். அதைவிட அதிகமான எடையைத் தலைக்கு மேல் தூக்கியவர் அவர். 2018 கோல்டு கோஸ்ட் போட்டியிலும் அவருக்கே தங்கம்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற மீராபாய் சானு போட்டியிட்டது 49 கிலோ பிரிவு. கிளீன் அண்ட் ஜெர்க்கில் அவர் தூக்கியது 115 கிலோ. தெருவில் நடந்து போனால், 'இந்தப் பொண்ணா?' என்றுதான் கேட்பார்கள்.

அப்படியென்றால் பாடி பில்டர் பலவீனமானவரா?

அதுவும் தப்பு. உடற்பயிற்சி முடித்தவுடன் கை 'கும்'மென்று புடைத்து நிற்கும். ஜிம் பாஷையில் இதற்கு 'பம்ப்' என்று பெயர். தசைக்குள் ரத்தம் பாய்வதால் வரும் வீக்கம் அது, கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடும். 'காற்றடித்த உடம்பு' என்ற பேச்சுக்கு இந்த வீக்கம்கூட ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால், பம்ப் வடிந்த பிறகும் மிச்சம் நிற்பது அசல் தசை. அந்தத் தசைக்குப் பலம் உண்டு.

1998 முதல் 2005 வரை தொடர்ந்து எட்டு முறை மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் வென்ற அமெரிக்கர் ரோனி கோல்மன், தோளில் 800 பவுண்டு, அதாவது சுமார் 363 கிலோவை வைத்துக்கொண்டு இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தவர். நம் ஊர் கணக்கில் சொன்னால், 363 கிலோவோடு இரண்டு பஸ்கி!

ஆனால், பாடி பில்டிங் மேடையில் யாரும் எடை தூக்குவதில்லை. தசையின் அளவு, இடது வலது பொருத்தம், தசைக் கோடுகளின் தெளிவு இவற்றுக்குத்தான் மார்க். பளுதூக்கும் வீரர் தூக்குவதற்குப் பழகுகிறார், பாடி பில்டர் வளர்ப்பதற்குப் பழகுகிறார். இருவரையும் ஒரே தராசில் நிறுத்தினால் ஒருவருக்கு அநியாயம் செய்ததாகிவிடும்.

போஸ்டரில் இருப்பது ஒரு நாள் உடம்பு

ஜிம் சுவரில் ஒட்டியிருக்கும் படங்களைப் பார்த்துத்தான் பையன்கள் ஏங்குகிறார்கள். நரம்பு தெரிய, வயிறு ஒட்டி, தோல் காகிதம்போல இருக்கும் அந்த உடம்பு, போட்டி நாளுக்காகத் தயாரானது. பல வாரங்கள் சாப்பாட்டைக் குறைத்து, கடைசி நாட்களில் தண்ணீரையும் குறைத்துக்கொண்டு மேடை ஏறுபவர்கள் உண்டு. பார்வைக்கு மிகப் பெரிய பலசாலியாகத் தெரியும் அந்த நாளில்தான் அவர்கள் மிகவும் சோர்ந்துபோயிருப்பார்கள்.

சில நேரம் அது உயிரையும் எடுத்துவிடும். அல்ஜீரியாவில் பிறந்து பிரான்ஸில் புகழ்பெற்ற முகமது பெனசிசா, 1992-ல் நெதர்லாந்தில் நடந்த போட்டியில் ஜெயித்த சில மணி நேரத்திலேயே இறந்துபோனார். உடம்பில் இருந்து நீரை வெளியேற்றும் மருந்துகள்தான் காரணமாகச் சொல்லப்பட்டன. அப்போது அவருக்கு வயது 33.

தசை எப்படித்தான் வளர்கிறது?

தசை நார்களின் எண்ணிக்கை பெரிதாகக் கூடுவதில்லை. இருக்கும் நார்கள் தடிக்கின்றன, அவ்வளவுதான். எடை தூக்கும்போது நாரில் விழும் இழுவிசை, 'இன்னும் வேண்டும்' என்று உடம்புக்குச் சொல்லும் சேதி. அடுத்த ஒன்றிரண்டு நாட்களில், சாப்பிட்ட புரதத்தைக் கொண்டு உடம்பு அந்த நாரைப் பலப்படுத்துகிறது. ஆகவே பயிற்சி, சாப்பாடு, தூக்கம் மூன்றும் வேண்டும். 'வலி இருந்தால்தான் வளரும்' என்பது உண்மையில்லை. வலி, பழக்கமில்லாத வேலையின் அடையாளம் மட்டுமே.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் ஆறு முதல் எட்டு வாரங்களில் தூக்கும் எடை மளமளவென்று ஏறும். கண்ணாடியில் மட்டும் ஒன்றும் தெரியாது. காரணம், முதலில் பழகுவது நரம்பு. தசை மெதுவாகத்தான் பின்னால் வரும். ஆரம்பத்தில் மாதத்துக்கு ஒரு கிலோ தசை கூடினாலே அது பெரிய விஷயம். இது தெரியாமல்தான் பல பையன்கள், 'எனக்கு ஏறவே மாட்டேங்குது' என்று மனம் உடைந்துபோகிறார்கள்.

முட்டை, பவுடர், பயம்

ஒரு நாளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. தசை வளர்க்க விரும்புபவர்களுக்குக் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் வரை பலன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. 60 கிலோ பையனுக்கு 96 கிராம். முட்டை, பால், பருப்பு, சுண்டல், மீன், கோழி என்று வீட்டுச் சாப்பாட்டிலேயே பெரும்பகுதியை எட்டிவிடலாம்.

பச்சை முட்டையை உடைத்துக் குடிப்பதில் வீரம் எதுவும் இல்லை. அதன் புரதத்தில் பாதி அளவுதான் செரித்து உடம்பில் சேர்கிறது. வேகவைத்தால் 90 சதவீதம் சேரும்.

பவுடர்? வே புரோட்டீன் என்பது, பன்னீர் செய்யும்போது பிரிந்து வரும் தண்ணீரில் இருக்கும் அதே புரதம்தான். அது ஸ்டீராய்டு இல்லை. போலிகள் உலவுவதால் பில் போட்டு, நம்பகமான இடத்தில் வாங்க வேண்டும். சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

பவுடரே இல்லாமல் சாதித்தவர்களும் உண்டு. வங்காளத்தைச் சேர்ந்த மனோகர் ஐச், பிரிட்டிஷ் அதிகாரியை அறைந்ததற்காகச் சிறைக்குப் போனவர். கருவிகள் எதுவும் இல்லாமல் சிறைக்குள்ளேயே பயிற்சி செய்தார். 4 அடி 11 அங்குல உயரமே இருந்த அவர், 1952-ல் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வென்றார். 2016-ல் இறந்தபோது அவருக்கு வயது 104. சோறு, பருப்பு, மீன், காய்கறி, பால் என்று எளிய சாப்பாடுதான்.

'ஜிம்மை விட்டால் தசையெல்லாம் கொழுப்பாகிவிடும்' என்பதும் தப்பு. இரண்டும் வேறு வேறு திசுக்கள். பயிற்சி நின்றால் தசை சுருங்கும். சாப்பாடு மட்டும் குறையாவிட்டால் கொழுப்பு சேரும். பெண்கள் எடை தூக்கினால் ஆண்களைப்போல ஆகிவிடுவார்கள் என்ற பயமும் வேண்டாம். பெண்கள் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைவு. 50 வயது அம்மா தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் மூச்சு வாங்காமல் ஏற, கொஞ்சம் எடைப் பயிற்சி நல்ல துணை.

ஊசி என்ற குறுக்கு வழி

மனம் உடைந்த பையனின் காதில்தான், "ஒரு கோர்ஸ் போடு, மூணு மாசத்துல பாரு" என்ற குரல் விழுகிறது. கோர்ஸ் என்றால் ஸ்டீராய்டு. வெளியில் இருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்திவிடும். விந்தணு குறையும், மார்பு வீங்கும், கெட்ட கொழுப்பு ஏறும், இதயத் தசை தடிக்கும், கல்லீரலும் பாதிக்கப்படலாம். அறுவை சிகிச்சையின்போது இறங்கும் ரத்த அழுத்தத்தை ஏற்றத் தரப்படும் மெபென்டெர்மைன் ஊசியையும், 'தெம்பு' வரும் என்று சிலர் தவறாகப் போட்டுக்கொள்கிறார்கள். அது நேராக இதயத்தைத் தாக்கும்.

இங்கேதான் வீட்டின் பங்கு வருகிறது. பவுடரையும் ஊசியையும் ஒன்றாக நினைத்து, "ரெண்டும் விஷம்டா" என்று திட்டினால், பையன் இரண்டையுமே மறைப்பான். இரண்டு மாதத்தில் ஏழெட்டு கிலோ கூடுவது, முதுகு நிறையப் பருக்கள், காரணமில்லாத கோபம், மார்புக் காம்பில் வீக்கம், தொடையிலோ இடுப்பிலோ ஊசித் தழும்பு தெரிந்தால், அடிக்காமல் திட்டாமல் டாக்டரிடம் அழைத்துப் போவதுதான் சரி. ஹார்மோன் சிகிச்சை நிபுணர்கள் இதற்கென்றே இருக்கிறார்கள்.

அந்த மூட்டையை, எப்படிப் பிடிப்பது என்று ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தால் ஜிம் பையனும் தூக்கிவிடுவான். அடுத்த முறை அவன் கடந்து போகும்போது கிண்டலுக்குப் பதிலாக, "எத்தனை மாசமா போறே தம்பி, என்ன சாப்பிடுறே?" என்று கேட்டுப் பார்க்கலாம். முட்டை, சுண்டல் என்று கடகடவென்று சொன்னால் சந்தோஷம். பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால், வீட்டில் ஒருவர் அவனோடு உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.