பட்டப்பகலில் எரியும் விளக்கு

திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகும் சாலையில் சில கிலோமீட்டர் சென்றால் திருப்பாச்சூர் வந்துவிடும். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். 'பாசு' என்றால் மூங்கில் என்றும், மூங்கில் காட்டில் சுவாமி வெளிப்பட்டதால் ஊருக்கு இந்தப் பெயர் என்றும் சொல்வார்கள். வாசீஸ்வரர் சந்நிதியில் விளக்கொளியில் தரிசனம் செய்துவிட்டு வெளியே வந்தால் கண் கூசுகிறது. கர்ப்பக்கிரகம் இருட்டாக இருப்பதில் ஓர் அழகு உண்டு, அர்த்தமும் உண்டு. ஆனால் மனிதன் குடியிருக்கும் வீடும் கர்ப்பக்கிரகம் மாதிரியே இருந்தால் என்ன செய்வது?

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மணி பன்னிரண்டு. நம் நிழல் நம் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு சந்தில் வரிசையாக ஆறு குடித்தனங்கள். 'லைன் வீடு' என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். ஆளுக்கு ஓர் அறை, மேலே சிமெண்ட் ஷீட், முன்பக்கம் ஒரு கதவு. மற்ற மூன்று பக்கமும் சுவர். ஒரு வீட்டில் சிறுமி ஒருத்தி தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே எல்.இ.டி. பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதே அறையில், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அவள் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். இரவு ஷிப்ட் முடித்து வந்தவர்.

"லைட்டைப் போட்டா அவருக்குத் தூக்கம் கெடுது சார்; அணைச்சா இவளுக்கு எழுத்து தெரியல" என்றார் அந்த அம்மா.

வெளியே உலகமெல்லாம் வெளிச்சம் வெள்ளமாய்ப் பாய்கிறது. அதில் ஒரு குவளை உள்ளே வரவில்லை. இந்த அதிசயத்தைப் பற்றித்தான் இன்று நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

முற்றம் போன கதை

வீட்டுக்குள் வானத்தைக் கொண்டுவரும் வித்தையை நமக்கு யாரும் சீமையிலிருந்து வந்து கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஜன்னலுக்கே 'காலதர்' என்று பெயர் வைத்தவர்கள் நாம். காற்று வரும் வழி என்று பொருள். தொட்டிக்கட்டு வீடும் நாற்கட்டு வீடும் முற்றத்தைச் சுற்றித்தான் எழுந்தன. அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தாழ்வாரம் நன்றாகக் கீழே இறங்கியிருக்கும். வெயில் முற்றத்துத் தரையில்தான் விழும். அறைக்குள் நேரே நுழையாது. தரையில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சமும், வானத்தின் பொதுவான வெளிச்சமுமே உள்ளறைக்குப் போய்ச் சேரும். உஷ்ணம் வந்த வழியாகவே மேலே போய்விடும். சுருக்கமாகச் சொன்னால், சூரியனை வாசலிலே நிறுத்திவிட்டு வெளிச்சத்தை மட்டும் உள்ளே அழைத்த வீடு அது.

ஓட்டு வீட்டுக்காரர்களிடம் இன்னொரு தந்திரம் இருந்தது. மங்களூர் ஓடு 1860-களில் பாசல் மிஷன்காரர்களின் தொழிற்சாலையிலிருந்து வரத் தொடங்கி, பிறகு தென்னாடெங்கும் பரவியது. அதே அச்சில் கண்ணாடி ஓடும் வந்தது. சமையலறைக் கூரையில் ஒன்றைச் செருகிவிட்டால் போதும். புகையின் நடுவே வெளிச்சம் ஒரு தூண் மாதிரி இறங்கும். எங்கள் பாட்டி அந்த வெளிச்சம் எந்த அடுப்பின்மேல் விழுகிறது என்று பார்த்தே உலை வைப்பாள். கடிகாரம் பின்னால் வந்த சங்கதி.

முற்றம் ஏன் போயிற்று என்று கேட்டால் எல்லோரும் நாகரிகத்தின்மேல் பழியைப் போடுகிறார்கள். அது பாதி உண்மைதான். பாகப்பிரிவினைச் சுவர் முற்றத்தின் நடுவிலே எழுந்த வீடுகள் எத்தனை! அரை கிரவுண்டு மனையில் 1,200 சதுர அடி. அதிலே முற்றத்துக்கு நூறடி விடு என்றால் எவனுக்கு மனம் வரும்? திருட்டுப் பயம், கொசு, ஐப்பசி கார்த்திகையில் வீட்டுக்குள்ளே மழை. முற்றத்தின் மேல் முதலில் கம்பி வந்தது. பிறகு தகரம் வந்தது. கடைசியில் கான்கிரீட் வந்து கதையை முடித்துவிட்டது.

தொழிற்சாலைக்கு உண்டு, தொழிலாளிக்கு?

திருவள்ளூரையொட்டிக் காக்களூர் தொழிற்பேட்டை. மாவட்டத்தின் வடகோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட். இந்த வட்டாரத்துக் கொட்டகைகளை அண்ணாந்து பார்த்தால், கூரைத் தகரங்களுக்கு நடுவே வெளிச்சம் விடும் வெள்ளைத் தகடுகள் வரிவரியாகத் தெரியும். பழைய ஆலைகளில் ரம்பப் பல் மாதிரி கூரை அமைத்து, பல்லின் செங்குத்தான பக்கத்தில் வடக்குப் பார்த்துக் கண்ணாடி பதிப்பார்கள். வெயில் படாத, நிதானமான வெளிச்சம் நாள் முழுதும் கிடைக்கும். நூலின் இழை அறுந்ததா என்று பார்க்க இதைவிட நல்ல விளக்கு கிடையாது.

சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. 1948-ல் வந்த தொழிற்சாலைகள் சட்டம், தன் 17-வது பிரிவிலே, வேலைக்கூடத்துக்கு வெளிச்சம் தரும் கண்ணாடி ஜன்னல்களையும் கூரைச் சாளரங்களையும் உள்ளும் புறமும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று எழுதிவைத்தது. தறிக்கும் லேத்துக்கும் வெளிச்சம் வேண்டும் என்பதில் சர்க்காருக்கு அப்போதே சந்தேகம் இருக்கவில்லை.

வீட்டுக்கும் விதி இல்லாமல் இல்லை. தேசியக் கட்டிட விதித் தொகுப்பு, உஷ்ணமும் ஈரமும் மிகுந்த பிரதேசத்தில் அறையின் தரையளவில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் திறப்பு இருக்க வேண்டும் என்கிறது. குடியிருப்புகளுக்காக மத்திய சர்க்கார் 2018-ல் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா'வும் ஏறக்குறைய அதே கணக்கைத்தான் சொல்கிறது. பத்துக்குப் பத்து அறை என்றால் சுமார் பதினேழு சதுர அடி. நாலடிக்கு நாலடி ஜன்னல் ஒன்று வைத்தாலே கிட்டத்தட்ட வந்துவிடும். நாம் பார்த்த லைன் வீட்டில் ஜன்னல் என்று சொல்லத்தக்கதாக ஒன்றும் இல்லை. வைக்க நினைத்தாலும் இடமில்லை. மூன்று பக்கமும் அடுத்தவர் சுவர். ஆகவே மிச்சமிருக்கும் ஒரே திசை மேலே.

கணக்கைப் பார்ப்போம்

கூரைச் சாளரம், அதாவது 'ஸ்கைலைட்', இப்போது பெரிய வியாபாரமாகிவிட்டது. "மின்சாரம் மிச்சமாகும்" என்பதுதான் முதல் வாக்கியம். இது எவ்வளவு தூரம் வாஸ்தவம்?

ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு, பழைய 60 வாட் குண்டு பல்பின் வேலையைச் செய்கிறது. பகலில் பத்து மணி நேரம் எரித்தாலும் மாதத்துக்கு மூன்று யூனிட் ஆகாது. குண்டு பல்பு காலத்தில் இதுவே 18 யூனிட். ஆக, வீட்டுக்காரர் பணத்தை எதிர்பார்த்துக் கூரையை உடைத்தால் ஏமாந்து போவார். மாவட்டத்துக்கும் நாட்டுக்கும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு வேறு. ஒடிசாவில் வெட்டிய நிலக்கரி கப்பலேறி எண்ணூர் வந்து, அத்திப்பட்டில் எரிந்து, அதன் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு அளவே மின்சாரமாகி, கம்பி வழியாக வந்து, உச்சிவெயிலில் ஓர் அறைக்கு வெளிச்சம் போடுகிறது! இன்னும் வேடிக்கை, 2024-ல் மத்திய சர்க்கார் மானியத்திட்டம் அறிவித்த பிறகு மொட்டைமாடியில் சூரியத் தகடு வைப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்தத் தகடு, பட்ட வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்குகிறது; அதைக் கொண்டு நேர் கீழே உள்ள அறையில் பகல் விளக்கு எரிக்கிறோம். மூக்கைத் தலையைச் சுற்றித் தொடுவது என்பது இதுதான்.

இனி மறுபக்கம். உச்சிவெயில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1,000 வாட் சக்தியைக் கொட்டுகிறது. ஓர் இஸ்திரிப் பெட்டி அளவு. வெறும் கண்ணாடியை அவ்வளவு அகலத்துக்கு வைத்தால் அதில் 800 வாட் அறைக்குள் இறங்கிவிடும். அந்த அறையில் ஏ.சி. ஓடினால், இந்தச் சூட்டை வெளியேற்ற மட்டும் 250 வாட் செலவாகும். 9 வாட்டை மிச்சம் பிடிக்கப் போய் 250 வாட்டைத் தொலைப்பதா? ஏ.சி. இல்லாத வீட்டில் அந்தச் சூட்டை மனிதரே அனுபவிக்க வேண்டும். குளிர் தேசத்துப் பத்திரிகைகளில் வரும் அகல அகலமான கண்ணாடிக் கூரைப் படங்களைப் பார்த்து மயங்கக் கூடாது என்பது இதனால்தான். அங்கே சூடு வரம், இங்கே சாபம். திருப்பாச்சூர் பூமத்திய ரேகைக்கு 13 டிகிரி வடக்கே இருக்கிறது. வருஷத்தில் இரண்டு முறை, ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும், சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறான்.

பெரிய வணிகக் கட்டிடங்களுக்கான 2017-ம் வருஷ எரிசக்தி விதித் தொகுப்பும் கூரைப் பரப்பில் ஐந்து சதவிகிதத்துக்கு மேல் ஸ்கைலைட் கூடாது என்று கட்டிப்போட்டிருக்கிறது. கண்ணாடியும் வெயிலின் சூட்டில் 35 சதவிகிதத்துக்கு மேல் உள்ளே விடலாகாது என்கிறது.

ஆனால் வீட்டுக்கு அவ்வளவுகூட வேண்டியதில்லை என்பதுதான் சந்தோஷமான செய்தி. நல்ல வெயிலில் ஒரே ஒரு சதுர அடிக் கண்ணாடி வழியாக, ஆறேழு எல்.இ.டி. பல்புகளின் வெளிச்சம் வருகிறது. பால் நிறக் கண்ணாடியானால் பாதி குறையும். அப்போதும் மூன்று பல்பு. மேகம் கவிந்த நாளில்கூட ஒரு பல்புக்குக் குறையாது. சூடோ 90 வாட்டுக்குள் அடங்கிவிடும். பத்துக்குப் பத்து அறைக்கு ஒரு சதுர அடி போதும். அதற்கு மேலே திறப்பது ஆடம்பரம்.

இதை ஒரு மெக்கானிக் உலகத்துக்கே நிரூபித்துக் காட்டினார். பிரேசில் நாட்டு உபராபா நகரத்து ஆல்பிரடோ மோசர் 2002-ல், மின்வெட்டுக் காலத்தில், பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, பாசி பிடிக்காமலிருக்கச் சிறிது பிளீச்சிங் திரவம் விட்டு, தகரக் கூரையில் பாதி வெளியே பாதி உள்ளே என்று பொருத்தினார். தண்ணீர் வெயிலைச் சிதறடித்து அறை முழுதும் பரப்பியது. 40 வாட்டிலிருந்து 60 வாட் வரை குண்டு பல்பு தரும் வெளிச்சம்! பிலிப்பைன்ஸில் 2011-ல் இது ஓர் இயக்கமாகி, ஏழைக் குடிசைகளில் பரவி, பிறகு பல தேசங்களுக்கும் போயிற்று.

ஒழுகுமா?

யோசனை எல்லாம் சரி, ஒழுகுமா? நம் ஜனங்கள் கேட்கும் முதல் கேள்வி இது. நியாயமான கேள்வி. வடகிழக்குப் பருவமழை இந்த மாவட்டத்தை எப்படி உலுக்கும் என்பதை 2015-லும் 2023-லும் பார்த்தோம்.

ஒழுகுவது கண்ணாடியின் குற்றமல்ல, ஓரத்தின் குற்றம். கான்கிரீட் தளத்தில் திறப்பைச் சுற்றி அரையடிக்குக் குறையாமல் கட்டை எழுப்பி, அதன்மேல் கண்ணாடியைச் சற்றுச் சாய்வாக வைக்க வேண்டும். தளத்தோடு தளமாகப் பதித்துவிட்டு, ஓரத்தில் பசையைப் பூசிவிட்டுப் போகும் மேஸ்திரியை நம்பவே கூடாது. இரண்டு கோடை தாண்டினால் பசை வெடித்துவிடும். தலைக்கு மேலே வைக்கும் கண்ணாடி, நடுவில் சவ்வு வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடியாக இருக்கட்டும். தேங்காய் விழுந்து உடைந்தாலும் சிதறாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். பாலிகார்பனேட் தகடு மலிவு; ஆனால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சுள்ள பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். திருப்பி வைத்தால் சீக்கிரமே மஞ்சளாகி மங்கிவிடும்.

வடக்குப் பார்த்துச் சாய்த்தால் வெயில் வராது என்று புத்தகங்கள் சொல்லும். சீமைக்கு அது சரி. நம் ஊரில் ஏப்ரல் முடிவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை சூரியன் உச்சிக்கு வடக்கே சாய்ந்துதான் போகிறான். ஆகவே வடக்குக்கும் ஒரு சின்ன மறைப்பு அவசியம். மாடி வீடானால், புதிதாக எதையும் உடைக்காமல், மாடிப்படியின் தலையறையில் பக்கவாட்டில் கண்ணாடி போட்டாலே, வெளிச்சம் படிவழியே கீழ்வீட்டு நடை வரை இறங்கி வரும். சூடும் அங்கேயே ஒரு ஜாலி வழியாக வெளியேறிவிடும். இவ்வளவு சுலபமான காரியத்தைப் பலர் ஏன் செய்வதில்லை என்பது நமக்கு விளங்கவில்லை.

சிமெண்ட் ஷீட் கூரையானால் ஒரு முழு ஷீட்டை எடுத்துவிட்டு, அதே வளைவுள்ள வெளிச்சத் தகட்டைப் போடலாம். அதன் அடியில் வேண்டிய அளவு மட்டும் விட்டு மற்றதைப் பலகையால் மறைத்துவிடலாம். ஷீட்டை மட்டும் ரம்பத்தால் அறுக்கக் கூடாது. பழைய ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு; அதன் தூசி நுரையீரலுக்கு விஷம்.

இரவு ஷிப்டுக்காரர் பகலில் தூங்க வேண்டுமே? அந்தத் திறப்புக்குக் கீழே இழுத்து மூடும் பலகை ஒன்று, ஒரு கயிறு. அதுவும் போதாதென்றால், வெளிச்சம் சிறுமியின் மூலையில் மட்டும் விழும்படி ஷீட்டைத் தேர்ந்தெடுப்பது. அறையின் நடுவில்தான் வைக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

இதையெல்லாம் லைன் வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லிப் பார்த்தோம். பெரியவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிதானமாகக் கேட்டார். "செலவு ஒரு ஷீட்டு விலைதானேங்க?" என்றார். ஆமென்றோம். கூரையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார்.

"செய்யலாம். ஆனா இப்ப வேணாம். மழைக்கு முன்னால கூரையில கை வச்சா அவ்வளவுதான். தை பொறக்கட்டும்" என்றார்.

கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மா, "எங்க வீட்டுக்கு மொதல்ல போட்டுடுங்க ஐயா" என்றார்.