அறிந்துகொள்வோம்: புகை எந்தப் பக்கமிருந்து வருகிறது?



2022 மார்கழி 8ஆம், 9ஆம் திகதிகளை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் நின்ற நாட்கள். வடக்கிலும் கிழக்கிலும் குளிர் தாங்காமல் மாடுகள் செத்து விழுந்தன. அத்துடன் ஒரு புகைமூட்டமும் ஊரை மூடிக் கிடந்தது.

எனது மகனுக்குச் சிறு வயதிலிருந்தே தொய்வு. அன்று விடியப்புறமே அவனுக்கு நெஞ்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. வெளியே வந்து பார்த்தால் எதிர் வளவுப் பனைகள்கூட மங்கலாகத்தான் தெரிந்தன. பக்கத்து வீட்டு அக்கா இரண்டு நாளைக்கு முன் சருகு கொளுத்தியவர். நான் வேலியடியில் நின்று, "பிள்ளைக்கு ஏலாது என்று தெரிந்தும் இப்படிச் செய்யலாமோ அக்கா?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

வானொலிச் செய்தியைக் கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது. காற்று மாசடைந்ததால் 9ஆம் திகதி நாடு முழுவதும் பாடசாலைகளுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். அந்த மாசு கடல் தாண்டி, இந்தியப் பக்கமிருந்து காற்றோடு வந்தது என்றார்கள்.

கடலுக்கு அப்பாலிருந்து வருவதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நிலத்தில் வைத்த கருவிகள் காற்றில் உள்ள தூசை அளக்கின்றன. காற்றின் திசையைக் கொண்டு அது வந்த வழியைக் கணிக்கிறார்கள். மேலேயிருந்து செய்மதிகள் படம் எடுக்கின்றன.

சண்டைக் காலத்தில் மேலே 'வண்டு' இரைந்தால் பங்கருக்குள் ஓடியவர்கள் நாங்கள். வானத்தில் ஒரு கண் இருக்கிறது என்றாலே நெஞ்சு திடுக்கிடும். மரங்களுக்கு மேலே புகை எழும்பும் பக்கத்தைப் பார்த்துவிட்டு, மற்றப் பக்கமாகப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினோம். இந்தக் கண்ணும் புகையைத்தான் பார்க்கிறது. ஆனால் எங்களைக் காப்பாற்ற உதவக்கூடியது.

செய்மதிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று பூமியைச் சுற்றி ஓடுவது. 1999இல் ஏவிய ரெறாவும் 2002இல் ஏவிய அக்குவாவும் ஏறக்குறைய 705 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றி, அநேகமாக நாள்தோறும் உலகம் முழுவதையும் படம் எடுத்தன. மற்றது 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரே இடத்துக்கு மேலே நிற்பது போல இருப்பது. ஜப்பானின் ஹிமவாரி அந்த வகை. பத்து நிமிடத்துக்கு ஒரு படம் தருவதால் புகை நகர்வதையே காணலாம்.

அந்தப் படங்களில் மேகம் வெள்ளையாக, திட்டுத் திட்டாகத் தெரியும். புகை சாம்பல் கலந்த நீலமாக, தீ எரியும் புள்ளியில் தொடங்கி விசிறி போல விரியும். பாலைவனத் தூசு மண்ணிறமாகத் தெரியும். எரியும் இடத்தின் வெப்பத்தையும் செய்மதி உணர்வதால் இரவிலும் தீயைக் காட்டும்.

2019, 2020 ஆண்டுகளில் அவுஸ்திரேலியக் காடுகள் எரிந்தபோது, அந்தப் புகை பசுபிக் கடலைத் தாண்டித் தென் அமெரிக்காவை அடைந்ததை இப்படித்தான் கண்டார்கள். 2023 ஆனியில் கனடாவின் காட்டுத்தீ நியூயோர்க் நகரின் வானத்தையே செம்மஞ்சளாக்கியது. சகாராப் பாலைவனத் தூசோ ஆண்டுதோறும் அத்திலாந்திக் கடலைக் கடந்து அமேசன் காட்டில் விழுகிறது. ஆண்டொன்றுக்குச் சராசரியாக 2 கோடியே 77 இலட்சம் தொன் விழுவதாகச் செய்மதித் தரவுகளைக் கொண்டு கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தத் தூசிலுள்ள பொசுபரசு அங்குள்ள மரங்களுக்குப் பசளையாகிறது.

ஆனாலும் செய்மதிக்கு ஒரு குறை உண்டு. மேகம் மூடினால் அதற்குக் கீழே உள்ளது தெரியாது. படத்தில் தெரியும் புகை உயரத்தில் போகிறதா, எங்கள் மூக்குமட்டத்தில் நிற்கிறதா என்பதையும் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு நிலத்தில் உள்ள கருவிதான் வேண்டும். ஆகவே காற்றின் தரம் பற்றிய அறிவித்தலைச் செவிமடுங்கள். நாசாவின் 'வேர்ள்ட்வியூ' இணையப் பக்கத்தில் அன்றன்றைய படங்களை இலவசமாகப் பார்க்கலாம். கைத்தொலைபேசி வைத்திருக்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள், எடுத்துக் காட்டுவார்கள்.

அப்படியான நாட்களில் யன்னல்களைச் சாத்துங்கள். குப்பை கொளுத்த வேண்டாம். விறகடுப்பு என்றால், இயன்றவரை ஒரு வேளையோடு சமையலை முடித்து, பிள்ளைகளை அடுப்படியில் விடாதீர்கள். தொய்வுள்ளவர்களின் மருந்து தீர்ந்துவிடாமல் முன்கூட்டியே பாருங்கள். கூலி வேலைக்குப் போகாமல் இருக்க முடியாத சகோதரிகளுக்கு ஒன்று சொல்கிறேன்: சேலைத் தலைப்பு நுண்ணிய தூசைத் தடுக்காது. என்-95 முகக்கவசம்தான் உதவும்.

அன்று பின்னேரமே நான் அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "சருகு கொளுத்தினதும் பிழைதானே பிள்ளை," என்றார். இப்போது அவர் சருகைத் தென்னையடியில் கிடங்கு வெட்டிப் போடுகிறார். வாடை தொடங்கினால் வேலிக்கு மேலால் கேட்கிறார்: "இண்டைக்கு வானப் படம் என்ன சொல்லுது?"

அடுத்த மாதம் சந்திப்போம்.