விளக்கைச் சாண் உயரத்துக்கு இறக்குங்கள்

கேள்வி: நாங்கள் பாலக்கோடு பக்கம் தக்காளி விவசாயம் செய்கிறோம். போன ஐப்பசி மழையில் நிழல்வலைக்குள் வளர்த்த நாற்று முழுக்க அழுகிப்போனது. அதனால் இந்த முறை வீட்டில் காலியாகக் கிடந்த ஓட்டு அறையில் பத்து எல்.இ.டி. ட்யூப் லைட் மாட்டி, குழித்தட்டில் விதைத்தோம். முளைப்பு நன்றாகவே இருந்தது. ஆனால் எட்டாம் நாளே நாற்று நூல் மாதிரி நீண்டு, வெளிறி, சாய்ந்துவிட்டது. விளக்கு போதவில்லை, மகளிர் குழுவில் கடன் எடுத்து இன்னும் நாற்பது வாங்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். வாங்கலாமா? (பெயர், ஊர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்.)

பதில்: வாங்க வேண்டாம், சகோதரி. கடனுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

கடிதம் கிடைத்ததும் உங்கள் வீட்டுக்காரரிடம் தொலைபேசியில் பேசினேன். "விளக்கு எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது?" என்று கேட்டேன். "தட்டு தரையில் இருக்கு சார், விளக்கு ஆறடிக்கு மேலே, தலையில் இடிக்காத மாதிரி விட்டத்தில் கட்டியிருக்கேன்" என்றார். அந்த உயரம் எங்கே கற்றது என்றால், ஓசூரில் ஒரு சாமந்திப் பசுமைக்குடிலில் அப்படித்தான் தொங்கியதாம். பிரச்சினை அங்கே ஆரம்பித்திருக்கிறது.

சாமந்திக் குடிலில் இரவில் எரிகிற விளக்கு செடிக்குச் சாப்பாடு போடுவதில்லை. சாமந்தி நீண்ட இரவு வந்தால்தான் மொட்டு வைக்கும். செடி போதிய உயரம் வளரும்வரை மொட்டு வைக்கவிடாமல் தடுக்க, ராத்திரியில் கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டு 'இன்னும் பகல்தான்' என்று அதை ஏமாற்றுகிறார்கள். அதற்கு நூறு லக்ஸ் அளவு மங்கல் வெளிச்சமே போதும். பகலெல்லாம் சூரியன் சோறு போட்டுவிடுகிறது. உங்கள் ஓட்டு அறையில் சூரியன் இல்லை. அங்கே அந்த ட்யூப் லைட்தான் நாற்றுக்கு முழுச் சாப்பாடு. ஆறடி மேலே இருந்து ஊட்டினால் வாய்க்கு எட்டாது.

கணக்காகச் சொல்கிறேன். நம் ஊரில் வெயில் நாளில் உச்சிப்பொழுது வெட்டவெளியில் ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். 20 வாட் ட்யூப் இரண்டை ஆறடி உயரத்தில் கட்டினால் தட்டில் விழுவது 400 லக்ஸைத் தாண்டாது. நாம் பேப்பர் படிக்க அது தாராளம், ஆனால் நாற்றுக்கு அது கும்மிருட்டு. அதே இரண்டு ட்யூபை ஒரு சாணுக்குள் இறக்கினால் ஏழு, எட்டாயிரம் லக்ஸ் கிடைக்கும். பைசா செலவில்லாமல், அதே கரண்டில் இருபது மடங்கு வெளிச்சம். குண்டு பல்பாக இருந்தால் இன்னும் மோசம்: தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகிவிடும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்குதான். நீள ட்யூபுக்குப் பக்கத்தில் இருக்கும்வரை இவ்வளவு வேகமாகக் குறையாது. தள்ளிப் போகப் போக அதுவும் இந்தக் கணக்குக்கு வந்துவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். 98 குழித்தட்டு இரண்டை நீளவாக்கில் ஒட்டி வையுங்கள். நாலடி ட்யூப் அந்த நீளத்துக்குச் சரியாக வரும். அரைச் சாண் இடைவெளியில் இரண்டு ட்யூபைச் சங்கிலியிலோ நைலான் கயிற்றிலோ, ஏற்றி இறக்குகிற மாதிரி கட்டுங்கள். உயரத்தைத் தட்டிலிருந்து அளக்காதீர்கள், நாற்றின் நுனியிலிருந்து அளந்து பாருங்கள். அரைச் சாணுக்குக் குறையவும் கூடாது, ஒரு சாணுக்கு மேல் போகவும் கூடாது. நாற்று வளர வளர இரண்டு நாளுக்கு ஒருமுறை கயிற்றை ஏற்றுங்கள். தட்டின் ஓரத்தில் வெளிச்சம் குறைவு என்பதால் தினமும் தட்டைத் திருப்பி, இடம் மாற்றி வைக்க வேண்டும். சுற்றிலும் பழைய வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டால் சிதறுகிற வெளிச்சமும் திரும்பி வரும்.

தினமும் 14 முதல் 16 மணி நேரம் எரிந்தால் போதும். 'வெளிச்சம் நல்லதுதானே' என்று ராத்திரி முழுக்க எரியவிடாதீர்கள். தக்காளிக்கு இருட்டு ஓய்வு வேண்டும். இருபத்து நாலு மணி நேர வெளிச்சத்தில் அதன் இலை மஞ்சள் பாய்ந்துவிடும்.

செல்போனில் லக்ஸ் அளக்கும் ஆப் இருக்கிறது. திரை மேலே பார்க்கிற மாதிரி நாற்றின் உயரத்தில் வைத்துப் பாருங்கள். எண் துல்லியமாக இருக்காது. ஆனால் நடுவில் எவ்வளவு, ஓரத்தில் எவ்வளவு என்று ஒப்பிட உதவும்.

'அப்படியானால் இன்னும் நெருக்கிக் கட்டினால்?' என்று கேட்பீர்கள். அந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். வீட்டு மாடி அறையில் மிளகாய் நாற்றுக்கு 100 வாட் பேனல் ஒன்றை ஒரு சாணில் மாட்டினேன். நாலாம் நாள் நுனி இலை வெளுத்து, ஓரம் மேலே சுருண்டது. ட்யூபுக்குச் சொன்ன அளவு பேனலுக்குப் பொருந்தாது. பேனலை ஒரு முழத்துக்கு மேல், இரண்டடியில் ஆரம்பித்து, நாற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் இறக்க வேண்டும். புறங்கையை இலை மட்டத்தில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் நாற்றுக்கும் சுடும். ஆனால் சூடு இல்லாமலும் அதிக வெளிச்சம் இலையை வெளுக்க வைக்கும், ஆகவே கையை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

உயரம் மட்டுமே காரணமா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. விதைத்ததும் தட்டுகளை அடுக்கி பாலித்தீன் தாளால் மூடியிருப்பீர்கள். அது சரியான முறைதான். ஆனால் முளை தலைகாட்டிய அன்றே பிரித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் இருட்டுக்குள்ளேயே நீண்டுவிடும், பிறகு எந்த விளக்கும் அதைக் குட்டையாக்காது.

சாய்ந்த நாற்றை ஒருமுறை பிடுங்கிப் பாருங்கள். தண்டு நீண்டு, ஆனால் உறுதியாக இருந்தால் வெளிச்சக் குறைவு. தக்காளி என்பதால் அதைக் காப்பாற்ற வழி உண்டு: வேறு குழியில் விதையிலை வரை புதைத்து நட்டால் தண்டிலிருந்து வேர் விடும். கழுத்துப் பகுதி நீர் கோத்து, இற்றுப்போய், மெலிந்திருந்தால் அது நாற்றழுகல். போன ஐப்பசியில் வந்ததும் அதுதான். தண்ணீரைக் குறைத்து, காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேர்ப்பகுதி நனைய ஊற்றுங்கள். மூடிய அறையில் இந்த நோய் வெளியைவிட வேகமாகப் பரவும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், சின்ன விசிறி ஓடினால் இன்னும் நல்லது.

இப்போது கடனுக்கு வருகிறேன். ஏக்கருக்கு ஏறக்குறைய 7,500 நாற்று என்றால் 80 தட்டு வேண்டும், நான் சொன்ன கணக்கில் 80 ட்யூப். ஒவ்வொன்றும் 16 மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 25 யூனிட்டுக்கு மேல், இருபது நாளில் 500 யூனிட். இருக்கிற பத்தோடு நாற்பது சேர்த்தாலும் முழு ஏக்கருக்கு வராது. இதே வேலையைச் சூரியன் இலவசமாகச் செய்கிறது. நிழல்வலையில் உங்களை வீழ்த்தியது மழைத்தண்ணீர். வலைக்கு மேலே கூரையாகப் பாலித்தீன் தாள் போட்டு, தட்டுகளைத் தரையில் வைக்காமல் இடுப்பு உயரக் கம்பிப் பந்தலில் வைத்தால் அந்தச் சேதத்தில் பெரும்பகுதி நின்றுவிடும். கடன் எடுத்தே தீர வேண்டுமானால் அதற்கு எடுங்கள்.

கையில் உள்ள பத்து ட்யூபும் வீணல்ல. பத்துத் தட்டு, ஆயிரம் நாற்று, அடைமழை நாட்களுக்குக் கைகாவல். ஈரமான இடம், குழந்தைகள் இருக்கும் வீடு: கசிவு வந்தால் துண்டிக்கிற ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் அந்த அறையில் தண்ணீர் தெளிக்காதீர்கள்.

விளக்கில் வளர்ந்த நாற்றை நேராக வயலுக்குக் கொண்டுபோனால் ஒரே வெயிலில் கருகிவிடும். நடவுக்கு ஒரு வாரம் முன்பே நிழல்வலைக்கு மாற்றி, தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து, தினம் ஒரு மணி நேரம் கூடுதலாகக் காலை வெயில் காட்டுங்கள். அடுத்த தட்டை விதைத்துப் பத்தாம் நாள் எப்படி நிற்கிறது என்று எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். குழுக் கூட்டம் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.