டயருக்கு ஜிஎஸ்டி குறைஞ்சாச்சு: பைக்குக்கு ஸ்போர்ட் டயரா, டூரிங் டயரா? தாம்பரம் ரோட்டுக்கு எது சரி?

2025 செப்டம்பர் 22 முதல் டயர்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு என்கிற ஜிஎஸ்டி ரோட்டில் தினமும் அல்லாடும் பைக் ஓட்டிகளுக்கு, அதே பெயர் கொண்ட வரி கொஞ்சம் கருணை காட்டியிருக்கிறது.

கணக்கு சிம்பிள். வரி சேராமல் 4,000 ரூபாய் மதிப்புள்ள ஒரு பின் டயர் முன்பு 5,120 ரூபாய். இப்போது 4,720 ரூபாய். டயருக்கு 400 ரூபாய் மிச்சம். 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கான வரி 40 சதவீதமாக ஏறியது. ஆனால் டயர் வரியில் அந்தப் பாகுபாடு இல்லை. 100 சிசி பைக் டயருக்கும் 650 சிசி பைக் டயருக்கும் ஒரே 18 சதவீதம்தான்.

மிச்சமான காசில் கொஞ்சம் நல்ல டயராகப் போடலாம் என்று கடைக்குப் போனால் அங்கே ஒரு கேள்வி காத்திருக்கும். "ஸ்போர்ட் போடவாண்ணே, டூரிங் போடவா?" பெரும்பாலான இளைஞர்கள் டிசைனைப் பார்த்து, பின்னால் இருந்து பார்த்தால் எது அகலமாகத் தெரிகிறதோ அதைக் கைகாட்டிவிடுகிறார்கள்.

இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள். எல்லாவற்றுக்கும் டயர் காரணம் இல்லை. ஆனால் பிரேக் பிடிக்கும் அந்த ஒரு நொடியில் பைக்குக்கும் ரோட்டுக்கும் இடையே இருப்பது, சக்கரத்துக்கு ஓர் உள்ளங்கை அளவுகூட இல்லாத ரப்பர் மட்டும்தான்.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஸ்போர்ட் டயரின் ரப்பர் மென்மையானது. கடைக்காரர்கள் மொழியில் 'சாஃப்ட் காம்பவுண்ட்'. ரோட்டை நன்றாகக் கவ்வும், வளைவில் பைக் சட்டென்று சாயும். தண்ணீரை வெளியேற்றும் கோடுகள் குறைவாக இருக்கும். ஓரங்களில் பெரும்பாலும் கோடே இருக்காது. வளைவில் எவ்வளவு அதிக ரப்பர் ரோட்டைத் தொடுகிறதோ அவ்வளவு கிரிப் என்பதுதான் கணக்கு.

டூரிங் டயரில் நடுப்பகுதி ரப்பர் கெட்டியாகவும், நல்ல கம்பெனி டயர்களில் ஓரப்பகுதி கொஞ்சம் மென்மையாகவும் இருக்கும். இதைத்தான் டூயல் காம்பவுண்ட் என்கிறார்கள். கோடுகள் அதிகம், ஆழமும் அதிகம். ரப்பரில் சிலிக்கா சேர்ப்பதால் ஈரத்திலும் பிடிமானம் குறையாது. ஸ்போர்ட் டயரைவிட இரண்டு மடங்கு தூரம் ஓடினாலும் ஆச்சரியம் இல்லை.

இரண்டுக்கும் நடுவில் 'ஸ்போர்ட் டூரிங்' என்று ஒரு ரகமும் உண்டு. மதுரையில் தொழிற்சாலை வைத்திருக்கும் டிவிஎஸ் யூரோகிரிப்பை எடுத்துக்கொண்டால், புரோடார்க் எக்ஸ்ட்ரீம் ஸ்போர்ட் ரகம், ரோடுஹவுண்ட் ஸ்போர்ட் டூரிங் ரகம். சியட் கம்பெனி ஸ்போர்ட்ராட், கிராஸ்ராட் என்று பெயரிலேயே பிரித்துவிட்டது.

'ஸ்போர்ட் டயர் சூடே ஆகாது' என்பது உண்மையா?

யூடியூபில் அதிகம் சொல்லப்படும் வாதம் இது: ஸ்போர்ட் டயர் சூடானால்தான் கிரிப் கொடுக்கும், ஊர் ரோட்டில் சூடாகாது, அதனால் வேஸ்ட். ஐரோப்பாவின் குளிர் காலைகளுக்கு இது சரி. பல்லாவரம் ரேடியல் ரோட்டில் மே மாத மதியம் இரண்டு மணிக்கு நின்று பார்த்தவர்களுக்குச் சிரிப்புதான் வரும். ரேஸ் டிராக்குக்கென்றே செய்யும் ஸ்லிக் டயரைத் தவிர, ரோட்டுக்கான ஸ்போர்ட் டயர் சென்னை வெயிலில் தாராளமாகச் சூடாகும். பிரச்சினை சூடு இல்லை, தேய்மானம்.

மே மாதம் போட்ட டயர் நவம்பரில் எப்படி இருக்கும்?

தாம்பரத்தில் இருந்து முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை வழியாக ஒரகடம் தொழிற்பேட்டைக்குப் பைக்கில் போகும் ஒரு ஊழியரை எடுத்துக்கொள்வோம். ஒரு வழி சுமார் 25 கி.மீ. போக வர 50. மாதம் 25 நாள் வேலை என்றால் 1,250 கி.மீ.

மே முதல் வாரம் அவர் பின் சக்கரத்துக்குப் புது சாஃப்ட் காம்பவுண்ட் டயர் போடுகிறார். அக்டோபர் கடைசியில் அது 7,500 கி.மீ. ஓடியிருக்கும். பெரிய பைக்குகளில் ஸ்போர்ட் பின் டயர் 6,000, 8,000 கி.மீ.க்குள் முடிந்துவிடுவது சகஜம். 150, 200 சிசி பைக்குகளில் எடையும் பவரும் குறைவு என்பதால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். ஆனாலும் பட்டன் பாதிக்கு மேல் போயிருக்கும்.

சரியாக அந்த நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதத்தில் கொட்டுகிறது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு 2015-ஐ ஞாபகப்படுத்தத் தேவையில்லை. அந்த அளவு வெள்ளம் வராத வருடங்களிலும் வேளச்சேரி – தாம்பரம் ரோட்டில் ஓரமாகத் தேங்கும் தண்ணீர், மேடவாக்கத்திலும் ஓஎம்ஆரிலும் மெட்ரோ வேலைக்காகக் குறுகிப்போன பாதை, அதில் கிடக்கும் மண், வழுக்கும் இரும்புப் பலகை, வெள்ளைக் கோடு என்று எல்லாம் சேர்ந்து வரும்.

60 கி.மீ. வேகத்தில் பைக் ஒரு நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. அந்த வேகத்தில் டயர் அடியில் சிக்கும் தண்ணீரைக் கோடுகள் வழியாக வெளியே தள்ள வேண்டும். கோடு ஆழமாக இருந்தால் தண்ணீருக்குப் போக வழி இருக்கும். தேய்ந்திருந்தால் தண்ணீர் ரப்பருக்கும் ரோட்டுக்கும் நடுவே புகுந்துவிடும். ஏபிஎஸ் இருக்கே என்று நினைக்கலாம். ஏபிஎஸ் சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்ளும். இல்லாத கிரிப்பை உருவாக்கிக் கொடுக்காது.

ஆக, கடையில் கையால் அழுத்திப் பார்க்கும்போது தெரிகிற கிரிப் வேறு, நவம்பரில் இரவு ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போது மிஞ்சியிருக்கும் கிரிப் வேறு. ஒரகடம் ஊழியருக்குத் தேவை இரண்டாவது. அதற்கு டூரிங் அல்லது ஸ்போர்ட் டூரிங் டயர்தான் பொருந்தும். ஸ்போர்ட் டயர்தான் வேண்டும் என்றால் அதை மே மாதம் போடாமல் செப்டம்பர் கடைசியில் போடலாம், அடுத்த வருடமும் அதே செலவுக்குத் தயாராக இருக்க வேண்டும்.

நேர் ரோடு, தட்டை டயர்

தென் சென்னை புறநகரின் முக்கிய ரோடுகள் பெரும்பாலும் நேர்கோடுகள். ஜிஎஸ்டி ரோடு, ஓஎம்ஆர், வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலை, எதுவாக இருந்தாலும் பைக் நிமிர்ந்தபடியே ஓடும். பைக் சாய்ந்தால்தான் டயரின் ஓரம் ரோட்டைத் தொடும். சாய வாய்ப்பே இல்லாததால் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும்.

வண்டலூர் சிக்னலில் நிற்கும் ஸ்போர்ட்ஸ் பைக்குகளின் பின் சக்கரத்தைக் கவனித்தால் தெரியும். நடுவில் மொட்டை, ஓரத்தில் மட்டும் புது டயரில் இருக்கும் ரப்பர் முடி அப்படியே இருக்கும். காசு கொடுத்து வாங்கிய கிரிப் ஓரத்தில் பத்திரமாக இருக்கிறது, பயன்படுத்தவே இல்லை!

தட்டையான டயரில் இன்னொரு தொல்லை உண்டு. வளைவில் திருப்பும்போது முதலில் சாய மறுக்கும், பிறகு திடீரென்று விழுவதுபோல் சாயும். சட்டென்று சாயத்தான் ஸ்போர்ட் டயர் வாங்கினார்கள். சில மாதத்தில் அந்தக் குணமே போய்விடுகிறது.

அப்போ ஸ்போர்ட் டயர் யாருக்கு?

இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்டில் டிராக் டேவுக்குப் போகிறவர்களுக்கு சந்தேகமே இல்லாமல் ஸ்போர்ட் டயர்தான். 3.7 கி.மீ. நீள டிராக்கில் ஓரத்து ரப்பர் முழுசாக வேலை செய்யும்.

வாரக் கடைசியில் மலை ஏறுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஆனால் தாம்பரத்தில் இருந்து அங்கே போய்ச் சேர 200 கி.மீ.க்கு மேல் நேர் ஹைவே. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலை இன்னும் தூரம். வளைவுக்காக வாங்கிய ரப்பரை ஸ்ரீபெரும்புதூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவிலேயே தேய்த்துவிட்டுத்தான் மலை அடிவாரத்துக்கே போக முடியும். ஸ்போர்ட் டூரிங் டயர் இருப்பதே இந்தப் பயணத்துக்குத்தான்.

பின்னால் மனைவி, நடுவில் குழந்தை, டேங்க் மேல் பை என்று தீபாவளிக்கு விழுப்புரம் வரை பைக்கிலேயே போகும் குடும்பங்களும் உண்டு. அவர்கள் டயர் பெயரைவிட, எவ்வளவு எடை தாங்கும் என்ற எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

'பட்டன் தேயவே இல்ல' என்று சந்தோஷப்படலாமா?

டூரிங் டயர் நீண்ட நாள் வரும் என்றதும், அப்படியானால் தேயவே தேயாத டயர்தான் பெஸ்ட் என்று முடிவு கட்டுவதும் தப்பு. வெறும் மைலேஜுக்காகச் செய்யப்படும் கெட்டி ரப்பர் டயர் வேறு, டூரிங் டயர் வேறு. கெட்டி ரப்பர் டயர் காய்ந்த ரோட்டில் சமாளித்துவிடும். முதல் மழையில், ரோட்டில் ஊறிக்கிடக்கும் ஆயில் மேலே மிதந்து வரும்போது, அதன் சாயம் வெளுத்துவிடும்.

வயதும் முக்கியம். தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் நாள் முழுக்க வெயிலில் நிற்கும் பைக்கின் டயர் ஓடாமலேயே இறுகும். பக்கவாட்டில் முடி போல் வெடிப்பு தெரிந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் அந்த டயர் முடிந்தது என்று அர்த்தம். இந்த விஷயத்தில் பங்க்சர் கடைக்காரர் சொல்வதைக் கேட்பது நல்லது. பத்தில் எட்டு பேர் "இன்னும் ஒரு வருஷம் ஓடும்ணே" என்று அவரிடமே வாதாடுகிறார்கள்.

டயர் மேல் இருக்கும் எண்கள் என்ன சொல்லுது?

டயரின் பக்கவாட்டில் 140/70 ஆர்17 66ஹெச் என்று இருந்தால்: 140 மில்லிமீட்டர் அகலம், அதில் 70 சதவீதம் உயரம், 17 இன்ச் ரிம், 'ஆர்' என்றால் ரேடியல். 66 என்ற எண்ணுக்கு அந்த ஒரு டயர் 300 கிலோ தாங்கும் என்று பொருள். ஹெச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை தாங்கும், பி என்றால் 150, எஸ் என்றால் 180.

தனியாக நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. 'ஆஃபர்' என்று சொல்லி விற்கும் டயரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கோடுகளுக்கு நடுவே குட்டி மேடு போல ஒன்று இருக்கும். அதுதான் தேய்மான அடையாளம். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்தால் டயரை மாற்ற வேண்டும். மோட்டார் வாகன விதிகளின்படி இருசக்கர வாகன டயரில் குறைந்தது 0.8 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். ஆனால் அது சட்டத்தின் கடைசி எல்லை. மழைக்காலத்தை அந்த எல்லையில் நின்று தொடங்குவது ஆபத்து.

130 இருந்த இடத்தில் 150 போடும் ஆசையும் பலருக்கு இருக்கிறது. ரிம் அகலம் மாறாமல் டயரை மட்டும் அகலமாக்கினால் அது இறுக்கிப் பிடிக்கப்பட்டு மேல்பக்கம் கூர்மையாகும், வளைவில் பைக் நடந்துகொள்ளும் விதமே மாறும், மைலேஜும் குறையும். பைக் கம்பெனி சொன்ன அளவுதான் பாதுகாப்பு.

வெளிநாட்டு டயர் ஏன் ஈஸியா கிடைக்கல?

2020 ஜூன் 12 அன்று மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம், பைக் டயர் உள்பட பலவகை டயர்களின் இறக்குமதியைத் தடையற்ற பட்டியலில் இருந்து கட்டுப்பாடுகள் கொண்ட பட்டியலுக்கு மாற்றியது. லைசென்ஸ் வாங்கித்தான் இறக்குமதி செய்ய முடியும். அதன் பிறகு பிரெல்லி, மெட்ஸலர் போன்ற டயர்களுக்கு அலைய வேண்டிய நிலை. ஆரம்பத்தில் பிரெல்லி டயருடன் வந்த ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650, பின்னர் சியட் டயருக்கு மாறியது.

நஷ்டம் மட்டும் இல்லை. பெரிய பைக்குகளுக்கான ரேடியல் டயர்களை உள்நாட்டு கம்பெனிகள் வரிசையாகக் கொண்டுவந்தன. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் பொம்மை செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப்பின் ஸ்டீல் பிரேஸ், அப்பல்லோவின் ஆல்ஃபா ஹெச்1 எல்லாம் இன்று கடையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அப்பல்லோ, சியட், ஜேகே மூன்றுக்கும் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்தில் தொழிற்சாலை உண்டு. தாம்பரம்வாசி மாட்டும் டயர் பக்கத்து ஊரிலேயே தயாரானதாகக்கூட இருக்கலாம்.

மாட்டின உடனே முறுக்கலாமா?

கூடாது. புது டயரின் மேல்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் 100, 150 கி.மீ. வரை கடுமையாகச் சாய்க்காமல், சடாரென்று பிரேக் அடிக்காமல் ஓட்ட வேண்டும். கொட்டும் மழையில் கடையில் மாற்றிக்கொண்டு அப்படியே பெருங்களத்தூர் மேம்பாலத்தில் ஏறுவது பழைய டயரைவிட மோசமான அனுபவமாக முடியலாம். மழை சீசன் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே மாற்றிவிடுவது நல்லது.

காற்று வாரத்துக்கு ஒரு முறை, காலையில் வண்டியை எடுத்ததும் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது பைக்குடன் வந்த புத்தகத்தில் இருக்கும், பல பைக்குகளில் ஸ்டிக்கராகவும் ஒட்டியிருப்பார்கள். தனியாகப் போக ஓர் அளவு, பின்னால் ஆள் இருந்தால் வேறு அளவு. பெட்ரோல் பங்கில் "முன்னாடி பின்னாடி எவ்ளோண்ணே?" என்று கேட்டால், சரியான எண்ணைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.