“தோட்டத்துப் பிள்ளைங்க நிக்க மாட்டாங்க”

நுவரெலியா பக்கம் ஹோட்டல்களுக்கு ஆள் எடுக்கிறவர்கள் அடிக்கடி சொல்ற வசனம் இது: “தோட்டத்துப் பிள்ளைங்க நிக்க மாட்டாங்க. வேலை பழகினதும் போயிருவாங்க.”

போறது உண்மைதான். ஏன் போறாங்க என்பதில்தான் எனக்கு வேற கருத்து.

சூழலுக்கு ஏற்ப மாறத் தெரியாதவங்களா இவங்க? வீட்டில் தமிழ், மேலதிகாரியிடம் சிங்களம், விருந்தினரிடம் ஆங்கிலம். 2018இல் 23 இலட்சம் சுற்றுலாப் பயணிகள் வந்த நாட்டுக்கு, ஈஸ்டர் தாக்குதலும் கொரோனாவும் கடந்து 2021இல் வந்தது இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. அடுத்த வருசமே பொருளாதார நெருக்கடி. அறைகள் காலியானால் சேர்விஸ் சார்ஜும் இல்லை. மரக்கறித் தோட்டத்திலும் கொழும்புக் கடைகளிலும் வேலை செய்து சமாளித்துவிட்டு, திரும்ப வந்து யூனிபோர்ம் போட்டவங்க எத்தனை பேர்! இதுக்கு மேல எப்படி மாறுறது?

மாறாதது மறுபக்கம்தான். இரவுச் சாப்பாடு பரிமாறி முடிய பத்தரை, பதினொன்னு ஆகும். அந்த நேரம் தோட்டத்துக்கு பஸ் இல்லை. ஒரு வேன் இருந்தால், “பொம்பளப் பிள்ளைக்கு நைட் டியூட்டி வேணாம்” என்று சொல்ற வீடுகளில் பாதி சம்மதிக்கும். அடுத்த வார ரோஸ்டர் கடைசி நேரத்தில்தான் தெரியவரும். சித்திரைப் புத்தாண்டு வருவதும் நுவரெலியா வசந்தகால சீசனில்தான். அப்போ லீவு கேட்டாலே முகம் மாறும்.

“வெளிநாட்டுச் சம்பளத்தை நாங்க எப்படிக் கொடுக்கிறது?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எல்லாரும் டுபாய்க்கும் மாலைதீவுக்கும் போகவில்லை. அதே டவுனில், ஏறக்குறைய அதே சம்பளத்துக்கு, பக்கத்து ஹோட்டலுக்குப் போறவங்களும் இருக்காங்க. அங்கே வேன் இருக்கு, இல்லாட்டி மரியாதையாகப் பேசுற சூப்பர்வைசர் இருக்கார்.

எதையும் சீக்கிரம் பழகிக்கொள்கிற பிள்ளைக்கு வேற இடத்தில் வேலை கிடைப்பதும் சீக்கிரம். அதனால் அந்தத் திறமையை மட்டும் நம்பி ஆளை வைத்திருக்க முடியாது. கஷ்டமான நாளில் நிறுவனம் பக்கத்தில் நின்றதா என்பதை வைத்துத்தான் இருப்பதா போவதா என்று முடிவெடுக்கிறாங்க.

2024இல் பயணிகள் மறுபடி 20 இலட்சத்தைத் தாண்டினார்கள். கந்தப்பளையில் பழைய ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையையே ஹோட்டலாக மாற்றிக் காட்டிய துறை இது. அதுக்கு ஒரு ரோஸ்டரை மாத்துறது அவ்வளவு கஷ்டமா?