விஞ்ஞானக் கதைக்கு ஒரு பெஞ்சு

தமிழில் விஞ்ஞானக் கதை எழுதலாம், ஹாஸ்யக் கதையும் எழுதலாம், இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க மட்டும் முடியாது என்று அடித்துச் சொல்லுகிற இலக்கிய நண்பர்கள் எனக்கு உண்டு. காரணம் கேட்டால், "அதற்கு வேண்டிய இடம் நம்மிடம் இல்லையே!" என்கிறார்கள். அவர்கள் மனத்தில் இருக்கிற இடம் மதுக்கடை. அதுவும் சீமை மதுக்கடை.

ஆங்கிலத்தில் இப்படி ஒரு கதைக் குலமே இருக்கிறது என்பது வாஸ்தவம். டன்சானி பிரபு 1931-ல் ஜார்க்கன்ஸ் என்ற ஆசாமியின் கதைகளைப் புத்தகமாகப் போட்டார். யாராவது விஸ்கி வாங்கிக் கொடுத்தால் போதும், ஜார்க்கன்ஸ் கிளப்பில் உட்கார்ந்து நம்பமுடியாத அநுபவங்களை அளப்பார். ஆர்தர் கிளார்க் இலங்கையில் குடியேறிய மறு வருஷம், அதாவது 1957-ல், 'ஒயிட் ஹார்ட்' என்ற லண்டன் கடையை வைத்து 15 கதைகள் வெளியிட்டார். விஞ்ஞானக் கதைக்காரர்கள் வியாழக்கிழமை தோறும் நிஜமாகவே கூடிய ஒரு கடைதான் அதற்கு மூலம்.

அந்தக் கதைகளில் ஒன்றைப் பாருங்கள். சத்தத்தை எதிர்ச்சத்தத்தால் அழிக்கும் யந்திரம் ஒன்றை ஒருவன் செய்கிறான். சரி, சத்தம் அழிந்தது. அதிலிருந்த சக்தி எங்கே போயிற்று? சக்திக்கு அழிவில்லை என்று பள்ளிக்கூடத்துப் பையனுக்குத் தெரியும். யந்திரத்துக்குள் சேர்ந்துகொண்டே வந்த சக்தி, கடைசியில் வெடிக்கிறது. இந்தச் சிரிப்பு மதுவிலிருந்து வரவில்லை. பௌதிக விதியிலிருந்து வருகிறது. மதுக்கடை செய்கிற காரியம் வேறு. கதை சொல்லுகிற ஹாரி பர்விஸைச் சுற்றி, வழக்கமாக வந்துபோகிற நாலு பேரை அது உட்கார்த்தி வைக்கிறது. அவர்கள் சந்தேகப்படுவார்கள், குறுக்கே கேட்பார்கள், ஆனாலும் எழுந்து போகமாட்டார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

இதைக் கவனிக்காதவர்கள் செய்கிற காரியம், அந்தக் கடையை அப்படியே பெயர்த்து வந்து நம் ஊர் டாஸ்மாக் பாரில் வைப்பது. நான் ஆட்சேபிக்கிறேன். நம் கதைகளுக்குள் மதுக்கடை எப்படி வந்தது? 1929-ல் ராஜாஜி நடத்திய 'விமோசனம்' பத்திரிகையில், கல்கி துணையிருக்க, குற்றவாளிக் கூண்டில் ஏறித்தான் வந்தது. 1937-ல் சேலம் ஜில்லாவிலும், 1948-ல் மாகாணம் முழுவதிலும் மதுவிலக்கு வந்தது. 1971-ல் அது தளர்ந்தது. 2003 முதல் சில்லறை வியாபாரத்தைச் சர்க்காரே நடத்துகிறது. இவ்வளவு வழக்கும் வாய்தாவும் உள்ள இடத்தில் உட்கார்ந்து ஒருவன் நட்சத்திரக் கதை சொன்னால், அவன் வீட்டு அடுப்பு எரிகிறதா என்றுதான் தமிழ் வாசகி கேட்பாள். அவள் கேட்பது நியாயம்.

ஆனால் நாலு பேரும் ஒரு பெஞ்சும் நம்மிடம் இல்லையா? ஜவ்வாது மலையடியில் இருக்கிற படவேட்டுக்குப் போய்ப் பாருங்கள். சம்புவராயர்கள் ஆண்ட ஊர்; ரேணுகாம்பாள் கோயிலுக்குப் பேர்போனது. முன்காலத்தில் அங்கே 1008 சிவன் கோயிலும் 108 பெருமாள் கோயிலும் இருந்ததாக ஊரார் சொல்லுவார்கள். அங்கே ஒரு டீக்கடையில் ஒருவர் இந்தக் கணக்கை எனக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த பெரியவர் தலையைத் திருப்பாமலே, "எண்ணினவன் யாருப்பா?" என்று கேட்டார். கடை முழுவதும் சிரித்தது. சொன்னவரும் சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். கிளார்க்குக்கு லண்டனில் கிடைத்தது இதற்கு மேல் என்ன?

சரக்குக்கும் பஞ்சமில்லை. அதே மலைத்தொடரில், மேற்கே, காவலூர் வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டென்று 1977-ல் தெரிந்தபோது, சாட்சி சொன்ன இடங்களில் அதுவும் ஒன்று. 2.34 மீட்டர் கண்ணாடி உள்ள தொலைநோக்கி அங்கே 1986-ல் திறக்கப்பட்டது. 1988-ல் அங்கே கண்டுபிடித்த சிறு கிரகத்துக்கு ராமானுஜன் என்று பெயர். மலையில் சாமை விதைக்கிறவனுடைய தலைக்கு மேலே இவ்வளவு நடந்திருக்கிறது. நம் கதைகளில் அவன் வாயைத் திறந்ததுண்டா?

இன்னொன்று சொல்லுகிறேன். சந்திரனில் கலம் இறங்குவதற்கு ஒத்திகை பார்க்க, சந்திரன் மண்ணைப் போன்ற மண் வேண்டியிருந்தது. நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டிப் பாறையை அரைத்து அந்த மண்ணைத் தயாரித்தார்கள். 2023 ஆகஸ்ட் 23-ந் தேதி கலம் பத்திரமாக இறங்கியும் விட்டது. இனி அந்தப் பக்கத்து மனிதர் ஒருவர் டீக்கடையில் உட்கார்ந்து, "மண் ஒன்றானால் பட்டாவும் ஒன்றுதானே?" என்று சந்திரனுக்கு உரிமை கொண்டாடினால் எப்படி இருக்கும்? தாலுகா ஆபீஸில் அவருக்கு என்ன பதில் சொல்லுவார்கள்? எழுத ஆளில்லாமல் கிடக்கிறது கதை.

நம் விஞ்ஞானக் கதைகளோ பெரும்பாலும் ஒரு புரொபஸரையும் ஒரு உதவியாளனையும் சோதனைச்சாலையில் வைத்துப் பூட்டிவிடுகின்றன. புரொபஸர் பிரசங்கம் செய்வார், உதவியாளன் "அற்புதம், ஸார்!" என்பான். சிரிப்பு எங்கிருந்து வரும்? சுஜாதா இதை உணர்ந்தவர். ஜீனோ என்ற யந்திர நாய்க்கு எதிர்த்துப் பேசும் வாயைக் கொடுத்தார். வாசகர்கள் மனிதப் பாத்திரங்களைவிட அதனிடம் அதிகப் பிரியம் வைத்தார்கள். அவர் காட்டிய வழியில் கூட்டம் சேரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இதெல்லாம் வெறும் தமாஷ் விவகாரம் என்று நினைக்கவேண்டாம். இன்று புளுகு பெஞ்சுக்கு வருவதில்லை. நேரே கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. இன்ன வேரைத் தின்றால் இன்ன வியாதி போகும், இன்ன ராத்திரி ஆகாயத்திலிருந்து விஷக்கதிர் விழும் என்று வருகிறதை மனிதன் தனியாகப் படிக்கிறான், தனியாகப் பயப்படுகிறான். பக்கத்தில் பீடிக்காரப் பெரியவர் இல்லை. விஞ்ஞானத்துக்குக் கைதட்ட மட்டும் தெரிந்த ஜனங்கள் அதன் பெயரால் வருகிற புரட்டுக்கும் கைதட்டுவார்கள். சிரித்துக்கொண்டே குறுக்குக் கேள்வி கேட்கத் தெரிந்தவர்களைத்தான் ஏமாற்றுவது கஷ்டம். அந்தப் பழக்கத்தைப் பாடப்புத்தகம் கொடுக்காது, கதை கொடுக்கும்.

ஆகையால் எழுதப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புரொபஸரைச் சோதனைச்சாலையிலிருந்து வெளியே அழைத்து வாருங்கள். டீக்கு நீங்களே காசு கொடுங்கள். அவர் எவ்வளவு வேண்டுமானாலும் அளக்கட்டும். ஆனால் எண்ணினவன் யார் என்று கேட்க ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைக்காமல் கதையைத் தொடங்காதீர்கள்.