பக்தியா, பழியா?

ஆபீஸ் போகிறவனுக்கு வருஷத்தில் இரண்டே சீசன். இன்க்ரிமென்ட் லிஸ்ட் வருவதற்கு முன் பக்தி. வந்த பின் பழிவாங்கல். மானேஜர் ரூம் பக்கம் திரும்பிக் கும்பிட்ட அதே கை, லிஸ்ட்டைப் பார்த்ததும் முஷ்டியாகிவிடும்.

பழைய கன்னடப் படங்களிலும் இந்த இரண்டு சரக்கும் ஏகமாக உண்டு. இரண்டிலும் கொடிகட்டிப் பறந்தவர் ஒருவரே. ராஜ்குமார்!

1954-ல் 'பேடர கண்ணப்பா'. முத்துராஜ் என்ற நாடக நடிகர் ராஜ்குமார் ஆனது அதில்தான். கதை நம்ம பெரிய புராணத்துக் கண்ணப்ப நாயனார் கதை. சிவலிங்கத்தின் கண்ணில் ரத்தம் வழிய, தன் கண்ணையே பிடுங்கி அப்புகிற வேடன்.

1976-ல் 'பிரேமத காணிகே'. ரயிலில் ஒரு கொலை. ஒரு பெண் பார்த்துவிடுகிறாள். அப்புறம் அவள் வேலைக்குப் போகிற வீட்டின் முதலாளியே அந்தக் கொலைகாரர்தான். (நமக்கு வாய்த்த முதலாளிகள் பரவாயில்லை, சார்!) அந்த வேஷம் ராஜ்குமாருக்கு. ஏன் கொன்றார் என்பதற்கு ஃப்ளாஷ்பேக். 'அட, ரஜினி படமாச்சே!' என்கிறீர்களா? கரெக்ட். 1980-ல் வந்த 'பொல்லாதவன்' இதன் தமிழ்தான்.

பக்தியும் பழியும் ஒரே டிக்கெட்டில் வேண்டுமா? 1983-ன் 'பக்த பிரகலாதா' பாருங்கள். உடன்பிறந்தவனைக் கொன்ற விஷ்ணுவைத் தீர்த்துக்கட்டத் துடிக்கிற இரணியனாக ராஜ்குமார். அந்த வீட்டிலேயே விஷ்ணு பேரைச் சொல்கிற பிள்ளையாக அவருடைய சொந்த மகன், பின்னாளில் ஹீரோவான புனித். அப்போது வயசு எட்டுதான். அப்பா உறுமுகிறார், பிள்ளை அசைவேனா என்கிறது.

என் ஓட்டு எப்பவும் பழிவாங்கலுக்குத்தான். 'கண்ணைப் பிடுங்கிக் கொடுக்கிறதெல்லாம் சினிமாவோடு சரிப்பா, நிஜத்துல எவன் செய்வான்?' என்று கேன்டீனில் வாய் கிழியப் பேசியவன் நான்.

2006 ஏப்ரல் 12. ராஜ்குமார் காலமானார். அவர் கண்கள் தானமாகப் போயின. 1994-லேயே பெங்களூரில் ஒரு கண் வங்கியைத் தொடங்கி வைத்து, குடும்பத்தோடு கண் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார் மனுஷன்.

2021 அக்டோபர் 29. புனித்தும் போய்விட்டார். 46 வயசு சாகிற வயசா? அவர் கண்களையும் கொடுத்தார்கள். கருவிழியை அடுக்காகப் பிரித்துப் பொருத்துகிற வித்தை இப்போது இருக்கிறதே, அதனால் இரண்டு கண்களில் நாலு பேருக்குப் பார்வை கிடைத்தது.

கேன்டீனில் பேசியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இந்த வருஷமும் லிஸ்ட் வரும். முஷ்டியும் இறுகும். ஆனால், மேஜை மேல் ஒரு கண்தான ஃபாரம் வாங்கி வைத்திருக்கிறேன். முஷ்டியோடு கையெழுத்துப் போட முடியாதே, சார்!